பீரோவுக்குள் இருக்கும் புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓர் ஊர்ப்புற நூலகர். நூலக அறிவியலில் முதுகலை முடித்தவள். நூலகர்களுக்கான தொழில்முறைச் சங்கம் ஒன்றில் ஆயுள் உறுப்பினராகச் சேரச் சொல்லி சக ஊழியர் ஒருவர் வற்புறுத்துகிறார். சம்பளம், இடமாற்றம் பற்றிப் பேச எங்களுக்கு ஊழியர் சங்கம் இருக்கிறது. அப்படியிருக்க இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்தவரை ஆகஸ்ட் 12 அன்று நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறார்கள், வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். என் சம்பளத்தில் அந்தச் சந்தா சின்னத் தொகை இல்லை. சேரலாமா?

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எங்கள் வேலை இருக்குமா என்றும் பயமாக இருக்கிறது. என் கல்லூரித் தோழி ஒரு தனியார் நிறுவனத்தில் தகவல் பிரிவில் இருக்கிறாள். “இன்னும் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டுதான் இருக்கிறாயா” என்று கேட்கிறாள்.

போன இருப்புச் சரிபார்ப்பில் 37 புத்தகங்கள் குறைந்தன. அதற்கான பணத்தை நான்தான் கட்டினேன். அதிலிருந்து புதிதாக வரும் நல்ல புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துத் தருவேன். உங்கள் சிறுகதைத் தொகுப்பும் அதில் பத்திரமாக இருக்கிறது.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

---

அன்புள்ள தங்கைக்கு,

நூலகத் தொழிலுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை மறுபடியும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இதற்கு எந்தக் கதை பிடிக்கும் என்று கண்டுபிடித்துக் கையில் கொடுக்கிற வேலை உங்களுடையது. அது இருக்கும். தோழி சொன்னதையும் விட்டுத்தள்ளுங்கள். கேட்கிறவருக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பதுதான் அவருடைய வேலையும். சொல்லப்போனால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டியவர்கள்.

ஆனால் அந்தக் கடைசிப் பத்தியை விட முடியவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். என் புத்தகம் அதில் பத்திரமாக இருக்கிறது என்று எனக்கே நல்ல செய்தி போல எழுதுகிறீர்கள். என்னம்மா இது? ‘தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும்’ என்றால் யார் அந்தத் தெரிந்தவர்கள்? வாத்தியார் வீடு, தலைவர் வீடு, உங்கள் தெரு. வேலை முடிந்து ஆறு மணிக்குத் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்கு உங்களைத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது. தெரியாத புத்தகத்தை அவர் எப்படிக் கேட்பார்? நீங்கள் முதுகலை படித்தவர். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது ரங்கநாதன் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததைச் சொல்கிறார். தேர்வில் நீங்களே அதை எழுதியிருப்பீர்கள்.

சரி, திட்டியது போதும். 37 புத்தகங்களுக்கான பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டியவரிடம் இதைச் சொல்வது எளிது. உங்கள் நிலையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் தோன்றும், எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் குடும்பம் இன்றும் அங்கே இருக்கிறது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு புத்தகம் என்பது விதி. பரீட்சை லீவில் எங்களுக்கு மூன்று கொடுப்பார். டிக்கெட் இல்லாத பையன்களுக்குத் தன் டிக்கெட்டில் எடுத்துக் கொடுப்பார். மாலையில் பீடி சுற்றும் பெண்கள் வந்தால், அவர்கள் கையெழுத்துப் போடத் தயங்கினால், பதிவேட்டில் தானே எழுதிக்கொள்வார். எங்கள் ஊரில் நான்கைந்து பேர் இன்று எழுதுகிறோம், பேசுகிறோம் என்றால் அந்த மனிதர்தான் காரணம். அவர் ஓய்வுபெறும் வருடத்தில் சரிபார்ப்பு நடந்தது. நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டு எழுதுகிற சேர்க்கைப் பதிவேட்டில், காணாமல் போன புத்தகங்களுக்கு எதிரே சிவப்பு மையில் சுழித்து, அந்தச் சேர்க்கை எண்களையெல்லாம் ஒரு நீளத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொகையைக் கட்டி நிலுவை இல்லை என்று சான்று வாங்கினால்தான் ஓய்வூதியப் பணம். அந்தக் கோடையில் அவர் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தாளை விரித்து, “நூலக முத்திரை போட்ட புத்தகம் ஏதாவது பரணில் கிடக்குமா, பாருங்களேன் அம்மா” என்றார். குரல் தாழ்ந்துபோயிருந்தது. அம்மா பரணை முழுக்க இறக்கிப் பார்த்தாள். எங்களிடம் எதுவும் இல்லை. மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவருக்குப் பின் வந்தவர் எல்லாவற்றையும் பூட்டினார். அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? முன்னவருக்கு நடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதானே பொறுப்பேற்றார்.

அப்போதும் ஊழியர் சங்கம் இருந்தது. நல்ல சங்கம்தான். ஊதியக் குழுவுக்கு மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். கிழவருக்காக ஒரு மனுவும் போட்டார்கள். அதில் என்ன எழுதினார்கள் தெரியுமா? இவர் நேர்மையானவர், நீண்ட காலம் சேவை செய்தவர், கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்று எழுதினார்கள். என் வயிறு எரிவது அந்தக் கருணை என்ற சொல்லால்தான். அவர் கருணை கேட்கவேண்டிய தவறு என்ன செய்தார்? புத்தகத்தை வெளியே கொடுத்தார். அது அவர் வேலை. வெளியே போகிற புத்தகத்தில் கொஞ்சம் திரும்பி வராது. இரவல் வாங்கியவர் ஊர் மாறிப்போவார், இறந்துபோவார். கூரை ஒழுகி நனையும், செல்லரிக்கும், பிள்ளை கிழிக்கும். வேறு பகுப்பு எண்ணுக்கு, அதாவது வேறு துறைப் புத்தகங்களுக்கு நடுவே செருகப்பட்டு அடுத்த சரிபார்ப்பில் தானாகக் கிடைக்கும். உலகத்தில் எந்தப் பொது நூலகத்திலும் இப்படித்தான். தணிக்கைக்கு வருகிறவருக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி, புத்தகம் எல்லாம் ஒரே பட்டியல். அவர்மேல் குற்றமில்லை, அவர் கணக்குப் படித்தவர். புத்தகம் அந்தப் பட்டியலில் சேராது என்று அவருக்குச் சொல்லவேண்டியது நூலகத் தொழில். தனி ஆளாக நீங்கள் சொன்னால் சாக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஊழியர் சங்கம் சொன்னால் ஆளைக் காப்பாற்றப் பார்ப்பதாக எடுத்துக்கொள்வார்கள். தொழில்முறைச் சங்கம் ஒன்றுதான் எழுந்து நின்று, எங்கள் தொழிலின் அறிவுப்படி இந்த அளவு இழப்பு இயல்பானது, இதைத் தள்ளுபடி செய்யாவிட்டால் நஷ்டம் வாசகனுக்கு என்று சொல்ல முடியும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று இருக்கின்றன. 2017இல் வந்த பதிப்பை எடுத்துப் பாருங்கள். நூலகப் புத்தகங்களின் சரிபார்ப்புக்கென்று அதில் தனி விதியே இருக்கிறது. ஒரு வருடத்தில் இரவல் கொடுத்த அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய புத்தகமும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு முப்பது புத்தகம் கைமாறுகிறது, வருடத்தில் முந்நூறு நாள் நூலகம் திறந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்பதாயிரம். ஆயிரத்துக்கு ஐந்து என்றால் நாற்பத்தைந்து. உங்கள் நூலகத்தில் காணாமல் போனவை 37. அந்த அளவுகோலில் நீங்கள் ஒரு பைசா கட்டியிருக்க வேண்டியதில்லை. அது மத்திய அரசின் விதி, உங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவை அது கட்டுப்படுத்தாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அதை ஆதாரமாகக் காட்டி எங்களுக்கும் அப்படி ஒரு வரம்பு வேண்டும், அதை எல்லா ஊர்ப்புற நூலகருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கலாம் அல்லவா? உங்கள் பகுதியில் எந்தச் சங்கமாவது கேட்டிருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

சங்கங்கள் மேல் உங்களுக்கு இருக்கிற சலிப்பு எனக்கும் உண்டு. கருத்தரங்கு நடத்துகிறார்கள், கட்டுரைத் தொகுதி போடுகிறார்கள், கல்லூரி நூலகர்களுக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கிடைக்கிறது. ஊர்ப்புற நூலகருக்கு அந்த அரங்கில் கடைசி வரிசை. மேடையில் இருக்கிறவர்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. இது வெட்கக்கேடு. நான் கூப்பிடப்பட்ட இடங்களில் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மாலை போடப்படுகிற அந்த மனிதர் சங்கத்தை வைத்து என்ன செய்தார் என்று பாருங்கள். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர். மறு வருடமே சங்கம் கோடைப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தது. பிறகு பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. நீங்கள் வாங்கிய பட்டம் அந்த வகுப்பின் வழியில் வந்ததுதான். ஐந்து விதிகளை 1931இல் அச்சிட்டது அந்தச் சங்கம். பொது நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், வரி வேண்டும் என்று வருடக் கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. இருபது வருடம் ஆயிற்று. சொத்துவரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அதுவும் உங்கள் மாவட்ட ஆணைக்குழுவும் அந்தச் சட்டம் கொடுத்தவை. அந்த இருபது வருடத்தில் அவர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் உங்கள் ஊரில் நூலகம் இருந்திருக்காது.

அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். மண் ரோட்டில் வண்டி குலுங்கும், மழை வரும், சில புத்தகம் போன ஊரிலேயே தங்கிவிடும் என்று அந்தப் பொறியாளருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அமெரிக்காவில் ஒரு சம்பவம். டி மாய்ன் நகர நூலகத்தின் தலைவர் ஃபாரஸ்ட் ஸ்பால்டிங் 1938இல் தன் நூலகத்துக்காக ஓர் உரிமை அறிக்கை எழுதினார். எழுதியவரின் இனமோ, நாடோ, அரசியலோ, மதமோ பார்த்துப் புத்தகத்தை ஒதுக்கக் கூடாது என்பது அதில் முக்கியம். அது ஓர் ஊரின் அறிக்கை. மறு வருடம் அமெரிக்க நூலகச் சங்கம் அதைத் தன் அறிக்கையாக ஏற்றது. அதற்குப் பிறகு சிறிய ஊர் ஒன்றில் தனியாக இருக்கிற நூலகரிடம் வந்து இந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து அகற்று என்று யாராவது மிரட்டினால், “இது என் விருப்பம் இல்லை, என் தொழிலின் விதி” என்று அவரால் சொல்ல முடிந்தது. இப்படி உறுதியாக நின்று வேலை போனவர்களுக்கு உதவ 1970இல் ஒரு நிதியும் ஏற்படுத்தினார்கள். எல்லாச் சண்டையிலும் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தனியாக விடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கிழவர் சைக்கிளில் போனபோது அவர் பக்கத்தில் இன்னொரு சைக்கிள் இல்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சேருங்கள். ஆயுள் சந்தா முடியாவிட்டால் ஆண்டுச் சந்தா உண்டா என்று கேளுங்கள். ஆனால் சும்மா சேர்ந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பொதுக்குழு எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, புத்தக இழப்புக்கு வரம்பு கேட்டு ஒரு தீர்மானம் கொடுங்கள். அதற்கு முன்னால் பக்கத்து ஊர்களில் இருக்கிற பத்துப் பதினைந்து நூலகர்களிடம் போன சரிபார்ப்பில் எத்தனை குறைந்தது, எவ்வளவு கட்டினார்கள், அதற்குப் பிறகு எதையெல்லாம் பூட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், கணக்கில் வராமல் நஷ்டப்படுகிறவன் வாசகன். தீர்மானத்தில் கருணை என்ற சொல் வரக் கூடாது. இரவல் எண்ணிக்கை, குறைந்த எண்ணிக்கை, மத்திய விதி, நமது கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் தருகிறேன். அவர்கள் எடுத்துக்கொள்ள மறுத்தால் அதையும் எழுதுங்கள், உங்கள் பெயர் இல்லாமல் இங்கேயே வெளியிடுவோம்.

பீரோவை மொத்தமாகத் திறக்கப் பயமாக இருந்தால் முதலில் என் தொகுப்பை வெளியே எடுத்து வாசல் பக்கத்து அலமாரியில் வையுங்கள். அது காணாமல் போனால் சொல்லுங்கள், வேறு பிரதி அனுப்புகிறேன். பெண்கள் எழுதியவை ஏதாவது உள்ளே இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆறு மணிக்கு வருகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். உண்மையில் எதை எடுத்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
உங்கள் அண்ணன்