பாகான் செராய் பக்கம் அந்தக் காலத்து வங்கி

1890 வாக்கில் மலாயாவின் தோட்டப்புறச் சிற்றூர்களில் உள்ளூர் வங்கி ஏதும் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பேராக் மாநிலத்துப் பாகான் செராய்க்காரன் என்பதால், அந்த ஊர் இருக்கும் எங்கள் கிரியான் மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

பலகை மாட்டிய வங்கியெல்லாம் பினாங்கு மாதிரியான பெரிய ஊர்களில்தான் இருந்தது. சார்ட்டர்ட் பேங்க் பினாங்குக்கு 1875ல் வந்தது, ஹாங்காங் ஷாங்காய் பேங்க் 1884ல். துரைமாருக்கும் பெரிய வியாபாரிகளுக்கும்தான் அவை. கோலாலம்பூரில் உள்ளூர்ச் சீனர்கள் குவோங் யிக் வங்கியைத் தொடங்கியதே 1913ல்தான். அதுவரை நடுவில் இருந்தது செட்டியார் கிட்டங்கி, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள் வட்டிக்குப் பணம் கொடுத்த இடம். என் கணக்கில் அதுதான் உள்ளூர் வங்கி.

பினாங்குத் தெருக் கிட்டங்கி என்பது ஒரே நீளக் கூடம். அதில் ஒவ்வொரு விலாசத்துக்கும் (செட்டியார் நிறுவனத்துக்கு அதுதான் பெயர்) ஒரு பெட்டி, ஒரு பாய், பக்கத்தில் இரும்புப் பெட்டகம், அவ்வளவுதான் ஆபீஸ். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே உட்கார்ந்திருப்பது அவருடைய ஏஜெண்டு. வழக்கமாக மூன்று வருடக் கணக்கு, முடிந்ததும் அடுத்த ஆளிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார். முதலாளியின் சொந்தப் பணம், சம்பந்திகளும் உறவினரும் போட்ட பணம், கோயில் பணம், போதாததற்கு மேலே சொன்ன வெள்ளைக்கார வங்கிகளிலேயே வாங்கிய கடன், எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி. சீனக் கடைக்காரரையும் சிறு நிலக்காரரையும் வங்கி மதிக்காது, ஆனால் செட்டியார் கையெழுத்தை மதிக்கும். அவர் அங்கே வாங்கி, கூடுதல் வட்டி வைத்து இவர்களுக்குக் கொடுப்பார்.

சரி, தோட்டத்தில் வேலை செய்த நம் தமிழ் ஆட்களுக்கு இதில் என்ன பங்கு? பெரிதாக ஒன்றுமில்லை. அப்போது எங்கள் பக்கம் ரப்பர் இல்லை, கரும்புத் தோட்டங்கள்தான். கரும்பு வெட்டியவரிடம் அடகு வைக்க என்ன இருந்தது? கங்காணியிடம் முன்பணம், கடையில் பற்று, நாலு காசு மிஞ்சினால் மனைவிக்குத் தோடு. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு: இங்கத்திய டாலர் வெறும் வெள்ளி, வெள்ளி விலையோடு அதுவும் இறங்கியது. இந்தியாவோ 1893ல் யார் வெள்ளி கொண்டுவந்தாலும் நாணயமாக்கித் தருவதை நிறுத்தி ரூபாயைத் தூக்கிப் பிடித்தது. ஆக இங்கே உழைப்பு அதே உழைப்பு, ஊருக்கு அனுப்பினால் கிடைக்கும் ரூபாய் மட்டும் குறைந்தது.

நிலம் வாங்கிய தலைமுறைக்குத்தான் கிட்டங்கி வாசல் திறந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தா இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பின் கிராண்டை (நிலப் பத்திரத்தை) ஒரு கிட்டங்கியில் அடகு வைத்து, விலை விழுந்த நேரத்தில் வட்டி கட்ட முடியாமல் நிலத்தையே விட்டுவிட்டு வந்தார். பாட்டி கடைசிவரை அந்தத் தோப்புப் பக்கம் போகவில்லை, சுற்றுவழியாகத்தான் சந்தைக்குப் போவாள். வட்டி கொடுமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு ஏக்கரை வாங்கவும் முதலில் கடன் கொடுத்தது அதே கிட்டங்கிதான் என்று அப்பா சொல்வார், பாட்டி காதில் விழாதபடி.