கட்டிலுக்கு அடியில் மாவு கொட்டுகிறதா? மரச்சாமான் கேள்வி-பதில்

தோப்பில் விழுந்த மாமரத்தை அறுத்துக் கட்டில் செய்தோம். இப்போது தினமும் அடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. கரையானா? (காவேரிப்பட்டணம்)

கரையான் என்றால் மண் பூச்சு தெரியும். வெறும் மாவும் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. மாமரத்தில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே வார்னிஷ் பளபளக்கும், அடிச்சட்டம் வெறும் மரமாக இருக்கும். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். வண்டு முட்டையிடுவதே அந்த வெறும் மரத்தில்தான். மண்ணெண்ணெய் வாடை போனதும் பழைய கதைதான்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் பவுடர் கரைத்து, வெறும் மரம் முழுக்க இரண்டு மூன்று முறை நனைய அடியுங்கள். குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. நிழலில் நன்றாகக் காய்ந்த பின் அடிப்பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். உள்ளே இருக்கும் புழு உடனே சாகாது, கொஞ்ச நாள் மாவு உதிரலாம். மாவைத் துடைத்துவிட்டு, புதிதாகக் கொட்டுகிறதா என்று கவனியுங்கள். சட்டம் விரலால் அழுத்தினாலே உள்ளே போனால் மருந்து வீண், சட்டத்தை மாற்றுங்கள்.

நாற்காலி ஆடுகிறது. ஆணி அடித்தால் போதுமா? (பாலக்கோடு)

அடிக்காதீர்கள். கொஞ்ச நாளில் ஆணியும் ஆடும், மரமும் பிளக்கும். காலைக் கழற்றி, பழைய பசையைக் கத்தியால் சுத்தமாகச் சுரண்டுங்கள். பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. மூட்டு தொளதொளவென்று இருந்தால் மெல்லிய இழைப்புச் சீவல் ஒன்றைப் பசையோடு சுற்றிச் செருகுங்கள். ஃபெவிகால் போட்டு, நான்கு கால்களும் சமதரையில் பதிய வைத்து, கயிற்றால் கட்டி, நடுவில் குச்சி விட்டு முறுக்கி இறுக்குங்கள். கயிறு படும் இடத்தில் துணி வையுங்கள். 24 மணி நேரம் யாரும் உட்காரக்கூடாது. வீட்டில் இதுதான் கஷ்டமான வேலை!

மழை பெய்தால் மேசை இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது. (ஓசூர்)

ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது. இப்போது இழைத்தால் கோடையில் லொடலொடக்கும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தி தேயுங்கள். வெயில் காலத்திலும் சிக்கினால் அப்போது இழைக்கலாம்.

அலமாரிக் கதவின் கீல் திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது. (அரூர்)

மருந்து நீக்கிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டையில் நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு அதே திருகை முடுக்குங்கள்.