அம்மாயியைப் பற்றி ஒரு பக்கம் – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) போன வருடம் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் அடிக்கலாம் என்று மாமா சொல்லி, எழுதும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். 'அன்பின் உருவம், உழைப்பின் சிகரம்' என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் அது யாருடைய அம்மாயியாகவும் இருக்கலாம். அவர் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1973இல் கப்பலில் வந்து, இங்கே தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறித்தவர். யார் கணக்கெடுக்க வந்தாலும், ரேஷன் கார்டைக் கேட்டாலும்கூட, டிரங்குப் பெட்டியைத் திறந்து இலங்கையிலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டையைத்தான் முதலில் நீட்டுவார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அங்கேயே தங்கிவிட்ட தங்கையோடு கடைசிவரை பேசவில்லை. அதையெல்லாம் எழுதாதே என்கிறார் மாமா. எப்படித்தான் எழுதுவது?

ம., சேரம்பாடி

அன்புள்ள ம.,

மலரில் எழுத வேண்டியதை எனக்கு எழுதி அனுப்பிவிட்டு எப்படி எழுதுவது என்று கேட்கிறீர்கள். பெட்டியைத் திறந்து அட்டையை நீட்டுகிறாரே, அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

புகழத் தொடங்கினால் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவார்கள். கல்வெட்டு என்றும் சொல்வதுண்டு. இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வம்சவரிசை, அனுதாபச் செய்தி எல்லாம் இருக்கும். யார் யாருக்குப் பிள்ளை, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று தேடுகிறவருக்கு அது அருமையான ஆவணம். ஆள் மட்டும் அதில் அகப்படமாட்டார். நம் ஊர் கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் பெரியப்பா இறந்தபோது ஊரே 'தங்கமான மனுஷன்' என்றது. வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் பேசிக்கொள்வது, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரையும் கிளப்பிக்கொண்டுபோய் வெயிலில் நிறுத்தி அவர் வாங்கிய திட்டுகளைத்தான்.

சரி, அந்த அட்டைக்கு வருவோம். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் இருந்த லட்சக்கணக்கான தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். தலைகளை எண்ணிப் பங்கு போட்ட அந்தக் கணக்கில் உங்கள் அம்மாயியும் ஒருவர். தன் பெயர் எழுதிய தாளுக்காக அத்தனை வருடம் காத்திருந்தவர், வந்த தாளைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் என்ன செய்வார்? கேட்கிறவர் ரேஷன் கடைக்காரரா கணக்கெடுப்பவரா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். நீங்கள் சிரித்ததையும் எழுதுங்கள்.

அந்த அட்டையைப் படம் எடுத்து மலரில் போடுங்கள். வயது, தேதி எல்லாவற்றையும் அதைப் பார்த்தே எழுதுங்கள். வீட்டில் சொல்லும் தேதிகள் ஒன்றிரண்டு பொங்கல் முன்பின்னாக இருக்கும். கப்பல் ஏறும் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். அந்த ரயில், ராமேஸ்வரம் கப்பல், வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், இவற்றில் மாமாவுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டது, தொலைத்தது எதுவானாலும் கேளுங்கள்.

அப்புறம் வேலை. டான்டீயே உங்கள் அம்மாயி போல வந்தவர்களைக் குடியமர்த்த 1968இல் வனத்துறை தொடங்கியதுதான். அவரோடு கொழுந்து பறித்த பெண்கள் சேரம்பாடியில் இன்னும் இருப்பார்கள். பக்கத்து நிரையில் யார் நின்றது, கொழுந்து நிறுக்கும்போது எடையில் தகராறு செய்வாரா, அட்டைப்பூச்சிக் கடிக்கு என்ன தடவிக்கொண்டார் என்றெல்லாம் அவர்களிடம் கேளுங்கள். 'உழைப்பின் சிகரம்' என்ற வரி தானாகவே அடிபட்டுப் போகும்.

தங்கை விஷயத்தில் மாமா பக்கமும் நியாயம் இருக்கிறது. அது அவருடைய சின்னம்மா. சண்டையை மாமா கண்ணால் பார்த்திருக்கலாம். காரணத்தை அச்சில் போட வேண்டியதில்லை. ஆனால் தங்கை ஒருவர் இருந்ததையே மறைத்துவிடாதீர்கள். அக்காள் ஒரு நாட்டுக் குடியுரிமைக்கும் தங்கை இன்னொரு நாட்டுக் குடியுரிமைக்கும் மனுப் போட்ட குடும்பங்கள் எத்தனையோ. 1980களில் போர் வந்ததும் கப்பலும் நின்றுபோனது. கோபம் ஆறியிருந்தாலும் லேசில் போய்ப் பார்த்திருக்க முடியாது. இதைச் சொன்னால் அம்மாயிக்கு ஒரு குறைவும் இல்லை.

அந்தச் சின்ன அம்மாயி உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மலர் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் பேசிவிடுங்கள். உங்கள் அம்மாயி சிறுமியாக ஓடித்திரிந்ததைப் பார்த்தவர் அவராகத்தான் இருக்கும். மாமா முறைத்தால், அம்மாவை ஃபோன் செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்