மிளகுத் தண்டின் அடி கறுத்து அழுகுகிறதா?

ஏற்காட்டில் பால் கவர்களில் நட்ட மிளகுத் தண்டுகள் அடி கறுத்து இலை உதிர்க்கின்றன, வேர் ஊக்கி (வேர் விடத் தூண்டும் மருந்து) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். முதலில் தண்ணீரைக் குறையுங்கள். இது பெரும்பாலும் ஈரம் தேங்கியதால் வரும் அழுகல்தான்.

தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளி நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது நனைந்து இறுகினால் அடியில் காற்றே புகாது. மண் 2 பங்கு, மணல் 1, நன்கு மக்கிய சாண எரு 1 எனக் கலந்து, கவரின் அடியில் நாலைந்து துளை போடுங்கள்.

ஒரு தண்டை மெல்ல உருவி, அடியை விரலால் நசுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று தோல் கழன்று வந்தால் மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். கெட்டியாக இருந்து, நகத்தால் சுரண்டும்போது பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. புதுக் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். தினமும் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வெட்டுவதென்றால், தரையில் ஓடும் ஓடுகொடியில் 2 அல்லது 3 கணுக்கள் உள்ள துண்டுகளாக எடுங்கள். இலையை நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவையுங்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். காய்க்கும் பக்கக் கிளையை வெட்டினால், வேர் பிடித்தாலும், மிளகுக்கொடி படர நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏறாது; புதர் மிளகாகவே நிற்கும்.

தாய்க்கொடிக்கே வாடல் நோய் இருந்தால் இவை எதுவும் உதவாது. வேறு கொடி தேடுங்கள்.