ரேஸ் டு 5 நைன் பால் மேட்சில் ஜெயிப்பது திறமையா, குருட்டு லக்கா?

நைன் பால் என்பது பூல் மேசையில் 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகளை வைத்து ஆடுவது. மேசையில் இருக்கிற சிறிய எண் பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும், 9ஐப் பாக்கெட்டில் போட்டவருக்கு அந்த ஆட்டம், அதாவது ரேக். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் மாஸ்கோனி கப்பில் மேட்ச் ஒவ்வொன்றும் ரேஸ் டு 5. முதலில் 5 ரேக் எடுப்பவர் ஜெயித்தார், முடிந்தது. "பெரிய ஆட்டக்காரரே இதில் தோற்கிறாரே, இது லாட்டரிதானே?" என்பது கேள்வி.

லாட்டரி இல்லைங்க, தாயம். கட்டையில் என்ன விழும் என்பது நம் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். அதேசமயம், ஆடுபுலி மாதிரி லக்குக்கு இடமே இல்லாத ஆட்டமும் இல்லை.

முதலில் கணக்கு. 100 ரேக்கில் 60ஐ எடுக்கும் ஆள் ஒருவர், 40 எடுக்கும் ஆள் எதிரில். ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளியில் சொல்லும் ஃபார்கோ ரேட்டிங்கில் இது சுமார் 58 புள்ளி இடைவெளி. ரேஸ் டு 5 வைத்தால் நல்ல ஆள் ஜெயிக்க வாய்ப்பு 73 சதவீதம். ரேஸ் டு 9 என்றால் 80, ரேஸ் டு 13 என்றால் 85. அதாவது குட்டி மேட்சில், நாலுக்கு ஒன்றுக்கு மேலேயே பலவீனமான ஆள் ஜெயித்துவிடுவார். 55க்கு 45 என்றால் ரேஸ் டு 5ல் வெறும் 62தான். 1996ல் ஹாங்காங்கில் உலகின் பெரிய பூல் ஆட்டக்காரர்களான எஃப்ரன் ரேயஸும் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் ரேஸ் டு 120 ஆடினார்கள். ரேயஸ் ஜெயித்தார், ஸ்கோர் 120–117. 237 ரேக் ஆடியும் 3 ரேக்தான் வித்தியாசம். அப்படிப்பட்ட இருவரை 5 ரேக்குக்கு இறக்கிவிட்டு "யார் பெரிய ஆள்" என்று கேட்டால் மேசை என்ன பதில் சொல்லும்?

சரி, ஒரு ரேக்குக்குள் லக்கு எங்கே இருக்கிறது? பெரும்பங்கு பிரேக்கில், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியில். பந்து விழுந்ததா, வெள்ளைப் பந்து பாக்கெட்டுக்குள் போகாமல் நின்றதா, 1ஆம் பந்து அடிக்கும்படி தெரிகிறதா, இந்த மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். முதல் இரண்டும் பாதிக்கு மேல் கைத்திறன்தான். 1ஆம் பந்தை நடுவில் முழுசாக அடித்தால் வெள்ளை லேசாகப் பின்வாங்கி மேசை நடுவில் நிற்கும். கொஞ்சம் விலகினாலும் குஷனைத் (மேசையின் ஓரத் தடுப்பை) தேடி ஓடும். அடுக்கி வைத்த பந்துகளையும் ரேக் என்றுதான் சொல்வார்கள். அந்த ரேக்கில் 1ஆம் பந்துக்கும் அதன் பின்னால் உள்ள இரண்டுக்கும் நடுவே தாள் கனத்துக்கு இடைவெளி இருந்தாலே பந்துகள் வேறு மாதிரி சிதறும். குனிந்து பார்க்காமல் அடித்துவிட்டு லக்கைத் திட்டுவதில் நியாயம் இல்லைங்க. ரேக் இறுக்கமாக இருந்து 1ஆம் பந்து ஸ்பாட்டில் (மேசையில் குறித்த புள்ளியில்) நின்றால், மூன்று பந்து வரிசையின் ஓரப் பந்து மூலை பாக்கெட்டைத் தேடிப் போகும். அது சுலபமாகிவிட்டதால்தான் மேட்ச்ரூம் நிறுவனம் நடத்தும் போட்டிகளில் 9ஐ ஸ்பாட்டில் வைக்கிறார்கள். மூன்றாவது விஷயம், 1 எங்கே போய் நிற்கும் என்பது, நிறைய கட்டை உருட்டல்தான். அதற்கும் புஷ் அவுட் என்ற வழி இருக்கிறது: பிரேக்குக்கு அடுத்த அடியில் 1ஐத் தொடாமலே வெள்ளையை நகர்த்தி வைக்கலாம், அங்கிருந்து ஆடுவதா, திருப்பிக் கொடுப்பதா என்பதை எதிராளி முடிவு செய்வார்.

இன்னொன்று ஃப்ளூக். நைன் பாலில் பாக்கெட்டைச் சொல்லி அடிக்கத் தேவையில்லை. தவறிய 9 வேறு பாக்கெட்டில் விழுந்தாலும் ரேக் உங்களுடையது. ஆனால் மறைந்த பந்தை இரண்டு குஷன் தட்டிப் போய்த் தொட்டு, வெள்ளையையும் ஒளித்து வைப்பதைப் பார்த்து "லக்கி" என்பது தப்பு. எந்தப் பக்கம் படணும், எவ்வளவு வேகம் என்று தீர்மானித்துத்தான் அடிக்கிறார்கள்.

ரேக்கை ஜெயித்தவரே அடுத்த பிரேக் அடித்தால் லக்கு அதிகம், இருவரும் மாறி மாறி அடித்தால் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். முதல் பிரேக் யாருடையது என்பதும், பிரேக் அடித்தவர் ஜெயிக்கும் விகிதமும் மாறாத வரை, கணக்கில் மேட்ச் ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றேதான். ஸ்கோர்தான் ஒருதலையாகத் தெரியும். முதல் பிரேக் யாருக்கு என்பதை லேக் தீர்மானிக்கும்: இருவரும் ஒரு பந்தை எதிர்க் குஷனுக்கு அடித்து, திரும்பி வந்து தன் பக்கக் குஷனுக்கு அருகில் நிறுத்துபவர் ஜெயிப்பார். அதனால் லேக்கைச் சும்மா தட்டிவிடாதீர்கள். மாறி மாறி பிரேக்கில் 4–4 வந்தால் கடைசி பிரேக் லேக் ஜெயித்தவருக்கு.

கோவை, திருப்பூர் பக்கம் ஆடுகிறவர்களுக்கு ஒன்று: பந்தில் சாக் பொடி ஒட்டியிருந்தால் மோதும் இடத்தில் பிடித்துக்கொண்டு கோணம் மாறிவிடும். பஞ்சு பறக்கிற ஊரில் துணியும் சீக்கிரம் அழுக்காகும். மேட்சுக்கு முன் பந்தைத் துடைத்து, துணியைப் பிரஷ் போட்டாலே "லக்கு" என்று நாம் சொல்வதில் கொஞ்சம் காணாமல் போகும்.

ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு: 32 பேர் வந்தால் ஒற்றை நாக் அவுட்டில் 31 மேட்ச், இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்கிற இரட்டையில் 62 அல்லது 63. மேசை இரண்டுதான் என்றால் இரட்டை ஓடாது. அப்போது ஒற்றை நாக் அவுட் வைத்து, ஆரம்பச் சுற்றுகளை ரேஸ் டு 5, அரையிறுதியிலிருந்து ரேஸ் டு 9 ஆக்குங்க. முதல் சுற்றிலேயே நல்ல ஆள் ஒருத்தர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். அதற்கு மனசைத் தயார் பண்ணிக்குங்க.