கல்யாணமாகிப் போன மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா?

இந்துக் குடும்பமானால் உண்டு. அண்ணன் தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மாநில அரசு கொண்டுவந்த திருத்தத்தால், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளும் பங்குதாரர்தான். ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களை அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. அப்பாவின் சுயசம்பாத்தியம் வேறு கதை. அதை அவர் யாருக்கும் உயில் எழுதலாம்.)

சரி, சட்டம் தெளிவு. சிக்கல் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். "அதான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தைப் பிறந்த வீட்டார் நீட்டுவார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரமாட்டார் என்ற பயத்திலேயே பல பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். அதையே காட்டிப் பங்கை மறுப்பது என்ன நியாயமோ! நகை போட்டதால் சட்டப்படியான பங்கு போய்விடாது.

கையெழுத்துப் போட்டுவிட்டால் மீள்வது கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதற்கும் பொதுவாக 3 வருடக் கெடு உண்டு.