ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு எம்.டி.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையா?

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைக்கு எம்.டி.ஏ. (செல்களின் கொழுப்பு கெடும்போது உண்டாகும் மாலோன்டையால்டிஹைடு என்ற பொருள்) அளவைப் பரிசோதித்து, அந்தச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உடல் எடையில் மூளை சுமார் 2%தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20% அதற்கே போகிறது. அப்போது செல்களைக் கெடுக்கும் பொருள்களும் உண்டாகும். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் சிதையும்போதும் அப்படிப்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அதை அடக்க, உடலின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டதயோன் போதாவிட்டால் செல்களின் கொழுப்பு கெட்டு எம்.டி.ஏ. சேரும். சிக்கல் அளப்பதில்தான். வழக்கமான தயோபார்பிட்யூரிக் அமில முறையில் வேறு பொருள்களும் அதே நிறம் காட்டும். எடுத்த ரத்தம் இருக்கும் குழாயில் சிவப்பணு உடைந்தாலும் எண் தவறும். அதை வைத்து ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்யவே முடியாது.

2006இல் வெளியான ஸ்லோவாக்கிய ஆய்வில் 61 பிள்ளைகள். சிலருக்கு ஆன்டிஆக்சிடன்டான பைன் மரப்பட்டைச் சாறு, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., ஒரு மாதம். துறுதுறுப்பு குறைந்தது, நிறுத்திய ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் மிகச் சிறிய ஆய்வு. இதை நம்பி மருத்துவர் தந்த மருந்தைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.